'வாரேன்' என்றால் வாக்கா?

திருச்செங்கோட்டில் பஸ் ஏறியபோது எனக்குப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவர், காலேஜில் இங்கிலீஷ் நடத்துகிற அம்மா. முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலில் செல்லோடேப் சுற்றியிருந்தது. மடியில் ஒரு பழைய இங்கிலீஷ் நாவல். அதில் யார் பேசினாலும் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டார்.

"ஏனுங்க மேடம், கதை படிக்கிறீங்களா, பரீட்சைப் பேப்பர் திருத்தறீங்களா?"

சிரித்தார். "ஆராய்ச்சிங்கண்ணா. பேசறதும் ஒரு காரியம் செய்யறதுதானுங்க. 'உன்னைக் கட்டிக்கிறேன்'னு ஒருத்தன் சொன்னா அது வாக்கு. 'உன்னைச் சும்மா விடமாட்டேன்'னா மிரட்டல். எது எதுன்னு பிரிக்கிறேன்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நம்மூருல கெளம்பறவன் எல்லாம் 'வாரேன்'னுதானே சொல்றான், அதுக்கு என்ன குறிங்க?"

பென்சில் நின்றது.

"எங்க ஊட்டுக்காரரு போர்வெல் வண்டியில வடக்கே போறப்ப அதைத்தான் சொன்னாருங்க. மூணு வருசமாச்சு. போன் நம்பரையும் மாத்திட்டாரு. அதை வாக்குன்னு வெச்சா அவரு ஏமாத்துக்காரரு. வெறும் பழக்கம்னு வெச்சா, நான் காத்திருக்கறது பைத்தியக்காரத்தனம். இந்த ஒண்ணுக்கு மட்டும் எனக்குக் குறி போடத் தெரியலீங்கண்ணா."

ராசிபுரத்தில் என் ஸ்டாப் வந்தது. இறங்கும்போது பாழாய்ப்போன பழக்கம், "வாரேனுங்க மேடம்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "செரிங்கண்ணா, வாங்க" என்றார்.

அன்றைக்குத் தன் வீட்டுக்காரருக்கும் இந்த 'வாங்க'வையேதான் சொல்லி அனுப்பியிருப்பார் என்பது பஸ் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.