ஆன்டெனாவைத் திருப்பியவர்

அந்த மாசி மாதம் முழுக்க, எங்கள் ஊரில் கரண்ட் போனால் கூடவே டவரும் போனது. இதற்காக ஊரில் யாரும் கோபப்படவில்லை. "டவர் படுத்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார்கள். கத்தியவள் நான் ஒருத்திதான். கத்திக் கத்தியே எனக்கு டவர்க்காரி என்று பெயர் விழுந்தது. வைத்துவிட்டுப் போகட்டும், என் வயிற்றெரிச்சல் அவர்களுக்கு எங்கே தெரியும்?

என் வேலை அந்த டவரை நம்பி இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் ஒரு அலுவலகத்தில் மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகித் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற இந்த ஊருக்கு வந்தபோது வேலையை விடத்தான் இருந்தேன். மேலதிகாரி அம்மாள்தான் விடவில்லை. வீட்டிலிருந்தே செய், லைன் மட்டும் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள் என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஆனால் லைன் எங்கே இருக்கிறது? பைபர் கம்பி மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. உங்கள் ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் எவன் கம்பம் நடுவான் என்று கேட்டார் கேபிள்காரர். கடைசியில் சிம் கார்டு போடுகிற வெள்ளைப் பெட்டி ஒன்று வாங்கினோம். மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் சின்னப் பலகை மாதிரி ஒரு ஆன்டெனா. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற டவரைப் பார்த்து அதை நிறுத்த வேண்டும். நிறுத்தினதும் பெட்டியில் விளக்கு பச்சையாக எரிந்தது. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை அடுக்கி வைத்திருந்த அறையில் ஒரு மேசை போட்டுக்கொண்டேன். மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, தலையை வாரி, பொட்டு வைத்து, அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் சாயங்காலம் வரை நான் ஒரு ஆள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், சந்தேகம் கேட்பார்கள், சரியாகச் செய்தால் பாராட்டுவார்கள். அந்த வேலை போனால் எனக்குச் சோறு கிடைக்காமல் போகாது, ஆனால் நான் வெறும் மருமகளாகிவிடுவேன். அதுதான் எனக்குப் பயம்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கரண்ட் போனாலும் டவர் நிற்கும். டவருக்குக் கீழே ஒரு ஜெனரேட்டர் உண்டு, கம்பெனிக்காரன் டீசல் அனுப்புவான், ஊற்றிப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் உண்டு. அவர் எங்கள் ஊர்க்காரர். என் வீட்டுக்காரரோடு ஒன்றாகப் படித்தவர், எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலம் அவருடையது. என்னை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுவார்.

மாசியில் ஆரம்பித்தது பேஜாரு. கரண்ட் அடிக்கடி போக ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, பெட்டி எரிகிறது, ஆனால் விளக்கு சிவப்பு. நடு வேலையில் கம்ப்யூட்டர் திரை அப்படியே நின்றுவிடும். கம்பெனிக்கு போன் செய்ய வேண்டுமானால் அதற்கும் டவர் வேண்டும், ஆகவே கரண்ட் வந்த பிறகுதான் சண்டை போட முடியும். பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் மேடம் என்பாள் அங்கே போனை எடுக்கிற பெண். போட்டாச்சும்மா, நூறு தடவை போட்டாச்சு என்பேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேடம் என்பாள். செவிடன் காதில் சங்கு ஊதின கதைதான்.

ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிற அந்த டவர்க்காரரைக் கேட்டதற்கு, ஜெனரேட்டர் ரிப்பேர், சொல்லியாச்சு, ஆள் வரவில்லை என்று கையை விரித்துவிட்டார். நானும் நம்பினேன். கம்பெனி என்றால் அப்படித்தானே இருக்கும்?

என் வீட்டுக்காரர்தான் அப்போது எனக்குத் துணை. விளக்கு சிவப்பாகும்போது அவர் வீட்டில் இருந்தால் நான் சொல்லவே வேண்டாம், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மாடிக்கு ஏறிவிடுவார். குழாயைப் பிடித்து ஆன்டெனாவை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருப்புவார். "இப்போ?" என்று மேலிருந்து கேட்பார். நான் ஜன்னல் வழியாக "சிவப்பு" என்பேன். "இப்போ?" "சிவப்புதான்." பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போட வந்தவள், உன் வீட்டுக்காரர் மாடியில் நின்று காத்தாடி விடுகிறாரா என்று கேட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். இந்த மனுஷன் எனக்காக வெயிலில் காய்கிறாரே என்று நான் உருகிப்போனேன். கீழே இறங்கி வந்ததும் எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தேன். நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கரண்ட் போகும்போதெல்லாம் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. ஒருநாள் மேகமூட்டம் என்றார். ஒருநாள் ஃபிராடு கம்பெனி, நம்மைப் போன்ற கிராமத்தான் என்றால் இளக்காரம் என்றார். இன்னொரு நாள் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் சிகரம்.

"இன்னிக்கு அமாவாசை இல்ல? மலையனூருக்கு ஜனம் போவுது. அத்தினி பேரும் போன் பேசிக்கினு போனா டவர் இன்னா பண்ணும், பாவம்?"

மேல்மலையனூர் கூட்டத்துக்கும் எங்கள் ஏரிக்கரை டவருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அங்காளம்மா, சீக்கிரம் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடு தாயே என்று வேண்டிக்கொண்டேன். படித்தவளாம் நான். காதில் பூ என்ன, பூக்கூடையையே கவிழ்த்தார், நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அலுவலகத்தில் பொறுமை தீர்ந்தது. மேலதிகாரி அம்மாள் கூப்பிட்டு, உன் வேலையில் குறை இல்லை, ஆனால் நீ பாதியில் காணாமல் போனால் உன் பங்கை மற்றவர்கள் தூக்க வேண்டியிருக்கிறது என்றார். இன்னொரு தடவை நடந்தால் சென்னைக்கே வந்து உட்கார வேண்டும், முடியாவிட்டால் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். அன்று சாப்பிடும்போது அழுதேன். என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். எல்லாம் சரியாகிவிடும், அழாதே என்று சொல்லி, தன் தட்டிலிருந்த அப்பளத்தை என் தட்டில் வைத்தார்.

அந்த இன்னொரு தடவை அதே வாரத்தில் வந்தது. முற்பகல், அலுவலகத்தில் எங்கள் குழுவின் வேலையை மேலிடத்திலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் விளக்கு சிவப்பு. என் வீட்டுக்காரர் நிலத்துக்குப் போயிருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்கரை வழியாக நேராக டவருக்கே போனேன். டவர்க்காரரை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். வேலிக்கதவு பூட்டிக் கிடந்தது. ஜெனரேட்டர் சத்தம் இல்லை, ஆளும் இல்லை.

வேறு ஒரு சத்தம் கேட்டது. எங்கள் நிலத்துப் பக்கம் தண்ணீர் இறைக்கிற ஆயில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சரி, அவர் அங்கேதான் இருக்கிறார், பைக்கில் மெயின் ரோடு வரை கொண்டுபோய்விடச் சொன்னால் அங்கேயிருந்தாவது அலுவலகத்துக்குப் பேசலாம் என்று வரப்பில் ஓடினேன். அப்போதும் எனக்கு வேறு எண்ணம் இல்லை, சத்தியமாக இல்லை.

கிணற்று மேட்டில் இஞ்சின் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வெள்ளைக் கேனைச் சாய்த்து அதன் டேங்கில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார் டவர்க்காரர். கேனின் வயிற்றில் டவர் கம்பெனியின் பெயர் சிவப்பு எழுத்தில் கொட்டையாக எழுதியிருந்தது. என்னைப் பார்த்ததும் டவர்க்காரர் பீடியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"இன்னிக்கு கரண்டு ஜல்தியா வந்துடும்னு நெனச்சேன் அண்ணி" என்றார்.

அதற்கு மேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்களிடம் இஞ்சின் இருந்தது, அவரிடம் டவர் ஜெனரேட்டருக்கு வந்த டீசல் இருந்தது. இந்தப் பக்கம் அது காலகாலமாக உள்ள வழக்கம். ஒருத்தன் மாடு கொண்டுவருவான், ஒருத்தன் ஏர் கொண்டுவருவான், இரண்டு நிலமும் உழுதாகிவிடும். அதே மாதிரி கரண்ட் போனால் இஞ்சினைப் போட்டு முதலில் எங்கள் மல்லாட்டைக்கு, அப்புறம் அவருடைய மல்லாட்டைக்குத் தண்ணீர். விழுது இறங்குகிற நேரம், தண்ணீர் இல்லாவிட்டால் காய் பிடிக்காது, எனக்கும் தெரியும். அவர்கள் இரண்டு பேருக்கும் அதில் திருட்டு என்கிற நினைப்பே இல்லை. டவரும் ஊரில்தானே நிற்கிறது என்று இருந்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் கேனை நிமிர்த்தினார். "வீட்ல பேசிக்கலாம்" என்றார். வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

பைக்கில் ஏறிக்கொண்டேன். மெயின் ரோட்டு டீக்கடை வாசலில் நின்று மேலதிகாரி அம்மாளிடம் பேசினேன். இந்தத் தடவை என்ன ஆயிற்று என்று கேட்டார். எந்த வாயால் சொல்வது? நெட்வொர்க் பிராப்ளம் மேடம் என்றேன். அதையேதான் நீ ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய் என்றார். வருகிற மாதத்திலிருந்து சென்னைக்கு வர முடியுமா என்று கேட்டார். மகளுக்கு அப்போதுதான் ஏழு வயது. முடியாது மேடம் என்றேன். பேசி முடிக்கும்வரை என் வீட்டுக்காரர் பைக்கை அணைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, மாமியார் பின்பக்கம் போன சமயம் பார்த்து என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அதுவரை அவரை நான் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. அன்று பேசினேன்.

"என்னைக் கேட்டிருக்கலாமே. டீசலை நானே வாங்கிக் குடுத்திருப்பேனே."

"அதான் கேக்கல. பொண்டாட்டி சம்பளத்துல தண்ணி கட்டறான்னு ஊர்ல பேசுவானுங்க."

"சரி. மாடியில ஏறி அதைத் திருப்பித் திருப்பி வெச்சியே, அது எதுக்கு?"

"நீ அழுதுகினு இருந்த. சும்மா பார்த்துக்கினு இருக்க சொல்றியா?" என்றார்.

அதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. என்மேல் வெறுப்பிருந்து செய்திருந்தால் நானும் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். இந்த மனுஷன் பாசமாக, அப்பளம் எடுத்து வைத்து, வியர்க்க வியர்க்க மாடியேறி, கூட இருந்தே குழி பறித்திருக்கிறார். என்னிடம் கேட்பதற்கு வெட்கப்பட்டவருக்கு என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வெட்கமாக இல்லை.

வேலை போயிற்று. மல்லாட்டை நன்றாகக் காய்த்தது. சீக்குப் பிடிக்கவில்லை, பருப்பில்லாத பொக்கு இல்லை, ஊரில் எல்லாரும் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்து மெச்சினார்கள். மாமியார், இனிமேல் வீடு வீடாக இருக்கும் என்றார்.

களத்தில் மல்லாட்டையைத் தூற்றி முடித்த சமயம் டவர் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அனுப்பின டீசலுக்கும் ஜெனரேட்டர் ஓடினதற்கும் கணக்கு ஒத்துவரவில்லையாம். டவர்க்காரரை வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது. அவர் வேறு யார் பெயரையும் சொல்லவில்லை. கூட்டாளி யார் என்று தெரிந்தால் போலீசுக்குப் போவோம், இந்த ஊரிலிருந்து அதிகமாகப் புகார் செய்தது நீங்கள்தான், அதனால்தான் உங்களைக் கேட்க வந்தேன் என்றார். நல்ல மனிதர், உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் உள்ளே போய் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டார். முகத்தில் ஒன்றும் இல்லை.

யாராவது டீசல் எடுத்துப்போய்ப் பார்த்தீர்களா அம்மா என்று கேட்டார் அதிகாரி.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். கம்பெனியிடம், கேபிள்காரரிடம், பக்கத்து வீட்டுக்காரியிடம் என்று யாரிடமும் அடங்காத வாய் இது. உள்ளே மகள் வீட்டுப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பார்க்கலைங்க" என்றேன்.

அதிகாரி மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அவருடைய கார் தெருமுனை திரும்பியதும் என் வீட்டுக்காரர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகமெல்லாம் தெளிந்திருந்தது.

"நீ சொல்லமாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றார். என்னைப் பெருமையாகப் பார்த்துத்தான் சொன்னார்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"மொத கேன் எடுக்கும்போதே தெரியும்" என்றார்.