பூட்டுக் கம்பெனிக்கு எழுதிய வரி

கீச்சு என்று அவளுக்குப் பெயர் வைத்தது அப்பா. பிறந்த அன்று அவள் அழுத அழுகை, எண்ணெய் காணாத கதவு திறக்கிற மாதிரி இருந்ததாம். பள்ளிக்கூடத்துக்கென்று வேறொரு பெயர் கொடுத்தார்கள், அது ஒட்டவில்லை. விளம்பரக் கம்பெனியில் ஒரு குழுவுக்கே தலைவியான பிறகும் அவள் கீச்சுதான்.

அப்பா நாடகங்களுக்கு அரங்கம் அமைப்பவர். அம்மா ஓவியர். சாப்பாட்டு மேசையின் மேல் அட்டைக் கோட்டை ஒன்று பாதி கட்டியபடி நிற்கும். அதை நகர்த்தாமல் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். படுக்கைக்கு அடியில் ஈரம் காயாத படங்கள். தலைமுடியில், தலையணையில், சில நாள் சோற்றில்கூட வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் வாடை அடிக்கும். நடிகர்களும் வாத்தியக்காரர்களும் நேரம் காலம் இல்லாமல் வருவார்கள், சண்டை போடுவார்கள், அங்கேயே தூங்கிவிடுவார்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் அவளைக் கேட்பது ஒரே கேள்விதான். "பாப்பா, நீ என்ன பண்ணுவே? வரைவியா, பாடுவியா?"

கீச்சு அடுக்களைக்கு ஓடிவிடுவாள். வரைந்தால் கோடு கோணிக்கொண்டு போகும். பாடினால் பெயருக்குப் பொருத்தமாக இருக்கும். இந்த வீட்டில் பிறந்து கையில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டதே என்று, மற்ற பிள்ளைகள் பொம்மைக்கு அழுகிற வயதில் அவள் கவலைப்பட்டாள்.

ஒரு கண்காட்சிக்கு முன்னால்தான் அது மாறியது. படங்களுக்குத் தலைப்பு வைப்பது என்றால் அம்மாவுக்கு வேப்பங்காய். "எல்லாத்துக்கும் 'தலைப்பு இல்லை'ன்னு எழுதி ஒட்டிடுங்க" என்று அப்பாவிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள். ஜன்னலோரம் ஒரு காலி நாற்காலி வரைந்திருந்த படத்தின் முன்னால் கீச்சு நின்றாள்.

"'இப்பத்தான் எழுந்து போனாங்க'ன்னு போடும்மா."

அம்மா தூரிகையைக் கீழே வைத்தாள். அப்பா அதை அப்படியே எழுதி ஒட்டினார். கண்காட்சியில் முதலில் விலைபோனது அந்தப் படம்தான். வாங்கிய மனிதர் அதன் எதிரில் வெகுநேரம் நின்று மூக்கைச் சிந்தினார். அன்றிலிருந்து தலைப்பு இலாகா கீச்சுவிடம் வந்தது. அம்மாவுக்குப் பெருமையும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. "என் படத்தை எவன் பாக்கறான்? இவ எழுதினதைப் படிச்சுட்டுல்ல வாங்கறானுங்க" என்பாள்.

அப்பா இறந்த வருஷம் கீச்சு விளம்பரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

"சோப்புக்குத் தலைப்பு வைக்கப் போறியா?" என்றாள் அம்மா.

"சோப்பு எதிர்த்துப் பேசாதும்மா."

அம்மா சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு மகளின் வேலையைப் பற்றி அவள் கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை. கீச்சு தனி வீடு எடுத்துப் போனாள். ஞாயிறு தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

வேலையில் பெயர் வாங்கினாள், பதவியும் உயர்ந்தது. பயம் மட்டும் குறையவில்லை. வாடிக்கையாளர் முன்னால் விளம்பரத்தை விளக்கப் போகும் நாளெல்லாம் கழிவறைக் கண்ணாடி முன் நின்று கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவாள். இன்றைக்குச் சாயம் வெளுத்துவிடும் என்றே ஒவ்வொரு முறையும் தோன்றும். 'தலை' என்று எல்லாரும் கூப்பிடுகிற அவளுடைய மேலதிகாரிக்கு அது தெரியும். "பயப்படறவங்களுக்குத்தான் கீச்சு, ஊரு எதுக்குப் பயப்படும்னு தெரியும்" என்பார்.

அப்படித்தான் பூட்டுக் கம்பெனி அவள் தலையில் விழுந்தது. முதலாளி மெதுவாகப் பேசுகிற மனிதர். "எங்க பூட்டு நல்ல பூட்டும்மா. ஆனா இருக்கறதே போதும்னு ஜனங்க நினைக்கறாங்க. அந்த 'போதும்'கற நினைப்பை நீங்க எடுத்துடணும்."

வழவழவென்று பல வரிகள் எழுதிக் கிழித்துப் போட்டாள். ஒருநாள் வேலைக்குக் கிளம்பி, படியிறங்கிப் பாதி தூரம் போனவள், கதவைப் பூட்டினோமா என்று திரும்ப ஏறி வந்தாள். பூட்டித்தான் இருந்தது. அங்கேயே, கதவில் சாய்ந்து நின்றபடி வரி வந்துவிட்டது.

மங்கலான வெளிச்சத்தில் ஒரு சாத்திய கதவு. அதன் கீழே: 'எதற்கும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.'

முதலாளி அதைப் பார்த்ததும் தன்னையறியாமல் சட்டைப்பையில் வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். 'தலை' மேசைக்கு அடியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நகரமெங்கும் விளம்பரப் பலகைகள் ஏறின. பூட்டுகள் விற்றுத் தீர்ந்தன. விருது ஒன்றும் வந்தது.

ஒரு பலகை அம்மாவின் ஜன்னலுக்கு நேர் எதிரில், நாற்சந்தியில் நின்றது.

முதலில் கீச்சு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, வாசல் கதவில் புதுப்பூட்டு. அடுத்த தடவை உள்பக்கம் கனத்த தாழ்ப்பாள். அதற்கடுத்து சங்கிலி. மூன்றிலும் அவள் விளம்பரம் எழுதிய கம்பெனியின் முத்திரை.

"எதுக்கும்மா இவ்வளவு?"

"தனியா இருக்கேன்ல. காலம் கெட்டுக் கிடக்கு."

ஓவியச் சட்டத்தில் அம்மா எப்போதோ தொடங்கிய படம் அப்படியே நின்றது. "ஈரக்கையோட எழுந்து எழுந்து கதவைப் பாக்கப் போறேன். திரும்பி வந்தா என்ன வரையறோம்னே மறந்துபோகுது" என்றாள் அம்மா. அந்த வரி தன்னுடையது என்று சொல்லிவிடலாம் என்று கீச்சு வாயெடுத்தாள். பிறகு அடுத்த வாரம் சொல்வோம் என்று தள்ளினாள். அப்படியே வாரங்கள் போயின.

பூட்டுக் கம்பெனியின் இரண்டாவது விளம்பரத்துக்காக எல்லாரும் கூடியிருந்த காலை அது. இந்த முறை தூங்குகிற குழந்தையைக் காட்டலாம் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். கீச்சுவின் போன் அதிர்ந்தது. அம்மாவின் எதிர்வீட்டுத் தையல்காரர்.

"அம்மா உள்ள விழுந்துட்டாங்க போலம்மா. முனகற சத்தம் கேக்குது. கதவைத் தொறக்க முடியல. சீக்கிரம் வாங்க."

எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தையல்காரர் கழுத்தில் அளவு நாடா தொங்க, தோளால் கதவை முட்டிக்கொண்டிருந்தார். கீச்சுவிடம் பூட்டின் சாவி இருந்தது. பூட்டு திறந்தது, தாழ்ப்பாள் அசையவில்லை. கதவிடுக்கில் வாயை வைத்தாள்.

"அம்மா! நான்தான். கேக்குதா?"

"கேக்குதுடி." குரல் தரையிலிருந்து வந்தது. "காலை அசைக்க முடியல. தாழ்ப்பாளும் போட்டிருக்கேன், சங்கிலியும் மாட்டியிருக்கேன்."

"பேசிக்கிட்டே இரும்மா. தூங்கிடாதே."

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார், வியர்த்தார், மறுபடி நெம்பினார். "நல்ல சாமான் மேடம். லேசுல விடாது" என்றார், பாராட்டுகிற தொனியில். கீச்சு சுவரைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அம்மாவின் குரல் தேய்ந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றுபோனது. கதவு பிளந்தபோது முதலில் நுழைந்தது தையல்காரர்தான். "மூச்சு இருக்கும்மா, மூச்சு இருக்கு!" என்று கத்தினார். அதைக் கேட்ட பிறகே கீச்சுவுக்கு அழுகை வந்தது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அம்மா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடிக்கிற அளவுக்குத் தேறிய அன்று, கீச்சு கட்டிலருகே உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்தப் பூட்டு விளம்பரம்... அதை எழுதினது நான்தாம்மா."

"தெரியும்."

கீச்சு நிமிர்ந்தாள்.

"பலகை ஏறின அன்னைக்கே தெரியும். உன் எழுத்து எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா போய் வாங்கினே?"

அம்மா கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினாள். "நீ எழுதினதாலதான் வாங்கினேன். வேற எவனாவது எழுதியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். எனக்குத் தெரியாதது ஏதோ உனக்குத் தெரிஞ்சிருக்குன்னு நினைச்சேன். பொண்ணு இவ்வளவு பயந்துபோய் எழுதியிருக்காளேன்னு எனக்கும் பயம் புடிச்சுக்கிச்சு."

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எனக்கு எப்பவுமே பயம், அவ்வளவுதான்."

"அது எனக்குத் தெரியாதே" என்றாள் அம்மா. "ஒருநாளும் சொன்னதில்லையே நீ."

பலகையை இறக்கச் சொல்லித் தலையிடம் கேட்டாள். ஒப்பந்தம் முடிகிறவரை முடியாது என்றார். இரண்டாவது விளம்பரத்தை எழுத மாட்டேன் என்றாள்.

"நீ இல்லேன்னா வேற யாராவது எழுதுவாங்க கீச்சு."

"எழுதட்டும் சார்."

எழுதினார்கள். தூங்குகிற குழந்தை விளம்பரம் முந்தியதைவிட நன்றாகவே ஓடியது. குழுத் தலைமை அதை எழுதினவளுக்குப் போயிற்று. கீச்சு ஓரத்து மேசைக்கு மாறினாள். யாரும் விரும்பி எடுக்காத சின்னக் கடைகளின் விளம்பரங்கள் அவளுக்கு வந்தன. அம்மா அவள் வீட்டுக்கே குடிவந்தாள். ஊன்றுகோலோடு கூடத்தை வளைத்துப் போட்டு, வெளிச்சம் சரியில்லை என்று தினமும் சண்டை பிடித்தாள், வரையவும் தொடங்கினாள்.

முதலில் வந்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அவள் எழுதிய வரியோடு பலகை ஏறிய அன்று மதியம், கீச்சு சாப்பிடாமல் அதன் எதிரிலிருந்த பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். பலகையைப் பார்க்கவில்லை, பார்ப்பவர்களின் முகத்தைப் பார்த்தாள். ஒரு பெண் படித்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். கல்லூரிப் பையன் ஒருவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கைப்பையை மார்போடு அணைத்திருந்த வயதான அம்மாள் ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள். அந்த முகத்தில் பயம் தெரிகிறதா என்று கீச்சு உற்றுப் பார்த்தாள். அம்மாள் லேசாகச் சிரித்து, பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னாள், அவரும் சிரித்தார். பேருந்து வந்தது. அவர்கள் ஏறிப் போனார்கள்.

அடுத்தவர் வருகிறாரா என்று கீச்சு பார்த்துக்கொண்டு நின்றாள்.