முட்டி பழசு, லாரி புதுசு

போன வாரம் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். பதறாதீர்கள்... என்மேல் கேஸ் எதுவும் இல்லை. சவரிமுத்து மாஸ்டருக்குத் துணையாகப் போனேன்.

சிங்காநல்லூரில் நான் வாடிக்கையாகச் சாப்பிடும் ஹோட்டலின் தோசை மாஸ்டர் அவர். காலையில் கல்லுக்கு முன்னால் நின்றால் கடை சாத்தும்வரை நிற்பார். போன வருஷம் மொபெட்டில் வேலைக்கு வரும்போது பின்னாலிருந்து ஒரு லாரி இடித்துத் தள்ளிவிட்டது. வலது முட்டி நொறுங்கிப்போனது. ஆபரேஷன், பிளேட், கைத்தடி... இப்போது சேர்ந்தாற்போல கொஞ்ச நேரம்கூட நிற்க முடிவதில்லை.

நிற்க முடியாத தோசை மாஸ்டரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? நஷ்டஈடு வந்தால் உட்கார்ந்தபடி பார்க்க ஒரு எஸ்.டி.டி. பூத் போடலாம். வராவிட்டால், பத்தாவது படிக்கும் மகளை பனியன் கம்பெனிக்கு அனுப்பவேண்டியதுதான்.

லாரியின் இன்ஷூரன்ஸ் கம்பெனி என்ன சொல்கிறது தெரியுமா? அது ஏற்கெனவே தேய்ந்த முட்டியாம். அதற்கு அவர்கள் ஏன் பணம் தர வேண்டுமாம்?

இந்த விஷயத்தை அவர்களுக்குச் சொன்னது யார்? சாட்சாத் மாஸ்டரேதான்!

விசாரிப்பதற்காகக் கம்பெனி ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்பியது. வாசலில் ஆள் வந்து நின்றால் நம் ஊர் மரியாதை சும்மா இருக்குமா? மாஸ்டர் சுவரைப் பிடித்து எழுந்து நின்று, "வாங்க வாங்க, உக்காருங்க" என்றிருக்கிறார்.

"நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேனுங்க."

"முட்டி ரொம்ப வலிக்குதுங்களா?"

வந்தவர் மனசு சங்கடப்படக் கூடாதே! "அட, அது பழைய வலிதானுங்க. நீங்க காப்பியக் குடிங்க, ஆறிப்போகுது."

அந்த மனுஷன் காப்பியையும் குடித்துவிட்டு, மூன்றையும் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார். எழுந்து நிற்கிறார். நன்றாக இருக்கிறார். வலி பழையது.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் அதை வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டம் இருக்கிறதே! "இதெல்லாம் நீங்க சொன்னதுதானே?" என்று கேட்டார். "சொன்னேனுங்க" என்றார் மாஸ்டர், ஏதோ வரவேற்புக் கமிட்டியில் நிற்பவர் மாதிரி. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்து அவர் மனைவி மேரியம்மா கூண்டேறினார்.

"உங்க வீட்டுக்காரருக்கு முந்தியே முட்டிவலி இருந்ததாம்மா?"

"இருந்துச்சுங்க. நாந்தானுங்க தெனமும் தைலம் தேச்சு உடுவேன்."

வக்கீல் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு. "அப்புறம் எதுக்கும்மா லாரிமேல பழி போடறீங்க?"

"அந்த வலியோடதானுங்க இத்தன வருசமா நின்னு தோசை ஊத்துனாரு. ஒரு நாள் லீவு போட்டதில்லீங்க. லாரி இடிச்ச மக்யா நாள்ல இருந்துதானுங்க ஊட்டுல கெடக்குறாரு. அவரு பொழப்பக் கெடுத்தது வலிங்களா, லாரிங்களா... நீங்களே சொல்லுங்க."

பல்பு ஃப்யூஸ் ஆனது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. கோர்ட் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

வக்கீல் தடிமனான மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். நாளைக்கே ஒருவன் அவர் கண்ணில் குத்திவிட்டு, "ஏற்கெனவே உங்களுக்குப் பார்வை மங்கல்தானே சார்" என்றால், கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போவாரா? சுகர், பிரஷர், இடுப்புப் பிடிப்பு என்று நாற்பது தாண்டிய நாம் எல்லோரும் ஏதோ ஒரு ரிப்பேரோடுதான் ரோட்டில் இறங்குகிறோம். புது ஆள் மேல் மட்டும்தான் லாரி ஏறும் என்று சொல்லியா கம்பெனி பிரீமியம் வாங்கியது?

மேரியம்மாவுக்குப் பதில் சொல்லவேண்டிய வக்கீல், ஆபரேஷன் செய்த டாக்டரை விசாரிக்க வேண்டும் என்று வாய்தா கேட்டார். கிடைத்தது. இதே கேஸில் எத்தனையாவது வாய்தா என்று மாஸ்டருக்கே ஞாபகம் இல்லை.

இப்படியே இன்னும் நாலைந்து வருஷம் இழுத்தால் மாஸ்டருக்கு வயசாகும். நல்ல முட்டியும் தேயும். அப்போது கம்பெனி வக்கீல் எழுந்து, நெஞ்சு நிமிர்த்திச் சொல்வார்—

"பார்த்தீர்களா யுவர் ஆனர், இது வயசுக் கோளாறுதான்!"