பௌர்ணமிக்கு விளம்பரம் கிடையாது

எஸ்.இ.ஓ. என்ற மூன்றெழுத்தை முதன்முதலாகப் பார்த்தபோது யாரோ ஓர் அதிகாரி என்றுதான் நினைத்தேன். எங்கள் திருவண்ணாமலை அப்படி. கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் பக்கம் போனால் ஆர்.டி.ஓ., பி.டி.ஓ., டி.ஆர்.ஓ. என்று மூன்றெழுத்துகள் ஜீப்பில் போய்க்கொண்டிருக்கும். நாம் மனுவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்போம். இதுவும் இன்னொரு ஜீப் என்று ஒதுங்கியிருக்கலாம். நான் ஒதுங்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். பன்னிரண்டு அறைகள். வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், மாதக்கணக்கில் தங்குவார்கள், மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். சும்மா இருக்க அவ்வளவு தூரம் வந்தவர்களுடைய பாஸ்போர்ட் எண்ணை ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. மூலையில் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. அதில் வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் போடுவதும் நான்தான். அந்த நாற்காலி எனக்குப் பிடிக்கும். அதில் உட்கார்ந்து ஒரு வரி எழுதினால், கடல் தாண்டி எங்கோ ஒருவர் அதைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டுவார். அதுவரை நான் எழுதிய எதற்கும் யாரும் பெட்டி கட்டியதில்லை.

முதலாளிக்கு இணையத்தில் விளம்பரம் போடும் ஆசை வந்தது. சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரைப் பிடித்தார். ஆலோசகர் இரண்டு பக்கத்துக்குத் திட்டம் அனுப்பினார். எஸ்.இ.ஓ., சி.பி.சி., சி.டி.ஆர்., ஆர்.ஓ.ஐ. இரண்டு பக்கமும் முதலெழுத்துகள்தான். அவற்றுக்கு நடுவே மூச்சு வாங்கக்கூட ஒரு முழுச்சொல் இல்லை. போன் போட்டேன்.

"சார், இந்த சி.டி.ஆர்.னா இன்னா சார்?"

"அத விடுங்க மேடம், உங்களுக்குக் கொழப்பமாயிடும். பாஸ்வேர்ட மட்டும் குடுங்க, நாங்க பாத்துக்குறோம்."

விடுங்க மேடம். பாங்க் கவுண்டரில், பத்திரப் பதிவில், மின்வாரியத்தில், எங்கே எதைக் கேட்டாலும் இந்தச் சொல்லைத்தான் என் கையில் கொடுத்து அனுப்பினார்கள். எத்தனை வருஷம் வாங்கிக்கொண்டு வருவது? பாஸ்வேர்டைக் கொடுக்கவில்லை. நானே கற்றுக்கொண்டு செய்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தீபம் வரிக்கும் டைம். அதுக்குள்ள ரூமுக்கு ஆள் வந்தாகணும். வரலன்னா அவர்கிட்ட குடுத்துட்டு நீ ரிஜிஸ்டர மட்டும் பாரும்மா."

விடுதியில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். அதனால் வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் பாய் நடத்திய பிரவுசிங் சென்டருக்குப் போவேன். பழைய ரிஜிஸ்டரின் மீதிப் பக்கங்கள்தான் என் நோட்டு. ஆங்கிலத்தில் படித்ததை அப்படியே எழுதினால் மறுநாள் மறந்துபோனது. அதனால் எனக்குத் தெரிந்த வாசலை வைத்து எழுதினேன். எஸ்.இ.ஓ. என்றால், இணையத்தில் தேடுகிறவர் கண்ணில் நம் போர்டு முதலில் படும்படி மாட்டுவது. சி.டி.ஆர். என்றால், போர்டைப் பார்த்த நூறு பேரில் எத்தனை பேர் படியேறினார்கள் என்பது. பௌன்ஸ் என்றால், படியேறி, உள்ளே எட்டிப் பார்த்து, அப்படியே திரும்பியவர்கள். கன்வர்ஷன் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர். ஆர்.ஓ.ஐ. மட்டும் வாசலுக்கு வரவில்லை. போட்ட காசு லாபத்தோடு திரும்புமா என்கிற அது முதலாளியின் முகத்தில் இருந்தது.

சி.பி.சி.யை எந்தப் பக்கத்திலும் படித்துக் கற்கவில்லை. ஊர்தான் கற்றுக்கொடுத்தது. என் முதல் விளம்பரம் ஒரு காலையில் திரையில் ஏறியது. மூன்றே வரி. மத்தியானத்துக்குள் காணாமல் போய்விட்டது. ஒரு நாளைக்கென்று கட்டிய காசு மொத்தமும் தீர்ந்துவிட்டதாம். அத்தனை க்ளிக்கும் திருவண்ணாமலையிலிருந்தே வந்திருக்கிறது என்று கணக்கு காட்டியது. முதலாளி சொல்லக் கேட்டு ஆலோசகர் போனிலேயே சிரித்தார். நான் பாயிடம் ஓடினேன்.

"ஆமாங்கா," என்றார் பாய், பெருமையாக. "நம்ம அக்கா வெளம்பரம் வந்துக்குதுனு கடைக்கு வந்தவங்க அத்தன பேர் கிட்டயும் சொன்னேன். எல்லாரும் ரெண்டு ரெண்டு வாட்டி அழுத்திட்டுப் போனாங்க."

"பாய், ஒவ்வொரு வாட்டி அழுத்தும்போதும் காசு போவுது பாய். அதான் சி.பி.சி."

"யாருக்கு, அழுத்தறவனுக்கா?"

"இல்ல, எங்க மொதலாளிக்கு."

பாய் வாயில் கை வைத்தார். "யா அல்லா. நான் மட்டும் பத்து வாட்டி அழுத்தினேனே!"

எங்கள் ஊரில் புதுக்கடை திறந்தால், வேண்டாவிட்டாலும் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு வருவோம். முதல் நாள் கடை வெறிச்சென்று இருக்கக் கூடாது. அதே மரியாதையைத்தான் எனக்கும் செய்திருந்தார்கள். அவர்கள்மேல் கோபப்பட முடியவில்லை. முதலாளி என்மேல் பட்டார்: "ஊர்க்காரன் வேடிக்க பாக்கறதுக்கா நான் பணம் கட்டறேன்?" அன்று சாயங்காலமே உட்கார்ந்து, எந்தெந்த நாட்டில் விளம்பரம் தெரியலாம், எங்கே தெரியக் கூடாது என்று அமைக்கக் கற்றேன். சொந்த ஊரைக் கையால் மறைத்தேன். வெயிலே வராத ஊர்களாகப் பார்த்துத் திறந்துவிட்டேன்.

தீபத்துக்கு ஒரு மாதம் முன்பு, ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. அன்றைக்கு விளம்பரத்தை இரண்டு மடங்காக்கி, சென்னை, பெங்களூர் எல்லாம் காட்டச் சொன்னார் ஆலோசகர். முதலாளியும் தலையாட்டினார். நான் அன்றைக்கு ஒட்டுமொத்தமாக நிறுத்தி வைத்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு முதலாளி, காதில் போனோடு, சிவந்த முகத்தோடு வந்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்தின?"

"வாசலுக்கு வாங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

சாலை முழுக்க ஜனம். பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு மலை சுற்றக் கிளம்பியவர்கள். வெறுங்கால்கள், மஞ்சள் பை, தோளில் குழந்தை, வாயில் சிவநாமம். எங்கள் போர்டை ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓர் அம்மாள் மட்டும் நின்று, "தண்ணி கெடைக்குமாப்பா?" என்று முதலாளியையே கேட்டார். அவர் உள்ளே போய்ச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு அந்த அம்மாள் நடந்தார்.

"அந்தம்மா சுத்தி முடிச்சா நேரா பஸ் ஏறி ஊருக்குப் போயிடுவாங்க. ரூம் எதுக்குங்க அவங்களுக்கு?" என்றேன். "செருப்ப எங்கயோ முன்னாடியே கழட்டிட்டு வந்தவங்க இவங்க. நம்ம வாசல்ல கழட்ட மாட்டாங்க."

முதலாளி கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப நீ யாருக்குத்தான் போடற?"

உள்ளே கூட்டிப்போய்த் திரையைக் காட்டினேன். எங்கள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அன்று காலை வந்த கடிதம். மழை விடாத ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். மூன்று மாதத்துக்கு ஓர் அறை வேண்டும், அங்கே செருப்பில்லாமல் நடக்கலாமா, தரை சுடுமா? அதற்குக் கீழே இன்னும் இரண்டு கடிதங்கள், இரண்டுமே மாதக்கணக்கில் அறை கேட்டு. அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். மெதுவாகத்தான் படிப்பார். பிறகு ஆலோசகருக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார். "நீயே பேசு."

"மேடம், ஊர்ப் பேர ஜாஸ்தி பேர் தேடற நாளு இது. மொதல்ல அந்தப் பாஸ்வேர்டக் குடுங்க."

"அத விடுங்க சார். நாங்க பாத்துக்குறோம்."

அதன்பின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். மழைக்காலத்தில் தரை சில்லென்றிருக்கும், மாசிக்கு மேல் சுடும், சாலையில் கல் உண்டு, எதற்கும் செருப்பைக் கொண்டு வரவும்.