பூமாலை வண்டி பார்க்கிறார்

பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பூமாலை வணக்கமே சொல்வார். கை சுட்டால், வண்டியைச் சுற்றிக்கூட வராமல் திரும்பிவிடுவார். "நாம வர்றதுக்கு முந்தியே சூடாக்கிக்கினு நிக்கிறான்னா, பச்சத்தண்ணியா இருக்கறப்ப அது கெளம்பாது" என்பது அவர் கட்சி.

கள்ளக்குறிச்சியில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். அவரைக் கூட்டிப் போகாமல் இந்தப் பக்கத்தில் யாரும் பழைய பிளசர் கார் வாங்குவதில்லை. மற்றவர்கள் பெயின்ட்டைத் தடவிப் பூரித்துக்கொண்டிருக்க, இவர் கால்மிதியைத் தூக்கித் துருவைத் தேடுவார். புகை நீலமாக வந்தால், "ஆயில் ஜாஸ்தி குடிக்குது" என்று முகத்துக்கு நேரே போட்டு உடைத்துவிடுவார். அவர் பார்த்து முடிக்கும்வரை, விற்கிறவர் நீட்டும் வெற்றிலைத் தட்டை வண்டி வாங்குகிறவர் தொடக்கூடாது. தட்டு கைமாறினால் வாக்குக் கொடுத்தாயிற்று, அப்புறம் பின்வாங்குவது மானக்கேடு.

அன்று களமருதூரில், தட்டை வாங்க நீண்ட மாயவனின் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். மாயவன் கல்வராயன் மலைக்காரன், கரும்பு லாரி ஓட்டியவன். போன பிரசவத்தில் மனைவி வெள்ளச்சியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு இறங்குவதற்குள் பிள்ளை போய்விட்டது. இப்போது மறுபடியும் நிறைமாதம். அடுத்த வாரம் முழுக்க இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். மலையிலிருந்து அடிவாரத்து ஆஸ்பத்திரிவரை மறிக்க மாட்டார்கள், ஆனால் கீழேயிருந்து ஒரு வண்டியும் மலைக்கு வராது. அதற்குள் சொந்தமாக ஒன்று மேலே போய் நின்றாக வேண்டும் என்று துடித்தான்.

"முன்கண்ணாடி புதுசுங்க, ஒரு கீறல் கெடையாது" என்றார் விற்கிற தங்கதுரை. பூமாலை சீட்டு இடுக்கில் விரலை விட்டுத் துழாவினார். கண்ணாடித் தூள் வந்தது.

"போன மறியல்ல கல்லு பட்டுச்சுங்களா?"

"ஆமாங்க."

"ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டிருப்பாங்களே. எப்பிடி வூடு வந்து சேர்ந்தீங்க?"

"கழனி வழியா ஓட்டிக்கினு வந்துட்டேங்க."

அவ்வளவுதான். சலவை வேட்டியோடு மனிதர் வண்டிக்கு அடியில் மல்லாந்துவிட்டார். எழுந்தபோது முதுகெல்லாம் சாணி.

"வரப்புல மோதி அடிச்சட்டம் விரிசல் வுட்டிருக்கு. பத்தவச்சு மேல கருப்பு பூசியிருக்காங்க. இங்க ஓடும். மலையில வளைவுக்கு வளைவு ஒடிச்சி எறங்கறப்ப தாங்காது. புள்ளத்தாச்சிய இதுல ஏத்தாத, மாயவா."

தங்கதுரை சண்டைக்கு வரவில்லை. தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். மாயவன்தான் அங்கேயே குந்திவிட்டான்.

"இன்னாண்ணா இப்பிடி சொல்லிட்ட? வலி எடுத்தா நான் எங்க போவேன்?"

வேறு யாராக இருந்தாலும் நாலு ஆறுதல் வார்த்தை சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருப்பார்கள். வேண்டாம் என்று சொன்னதோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்கத் தெரியாதவர் பூமாலை. ரோட்டோரம் நின்ற தன் காரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு அடுப்பு எரிவதே அதனால்தான்.

"ரோட்ட அடைச்சா என் வண்டி சும்மாதான நிக்கப் போவுது? ஒன் வூட்டாண்ட நிக்கட்டும். தாயும் புள்ளையும் வூடு திரும்புனப்புறம் கொண்டாந்து வுடு."

பூமாலை மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வீட்டுச் சாவியை மட்டும் பல்லால் நெம்பிக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, கார் சாவியை மாயவன் சட்டைப் பையில் போட்டார். முதுகுச் சாணியைக்கூடத் தட்டாமல் பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தார்.