ஐம்பத்தொரு டிகிரி ஆப்பு

அந்த ஆளை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. செத்துப்போய்விட்டான் என்று சொன்னார்கள். சரி, போகட்டும் என்று விட எனக்கு மனசு வரவில்லை. பிரிக்பீல்ட்ஸில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன் அவன், என் முதலாளி. அவன் இருட்டறையில் பதினோரு வருஷம் கண்ணாடித் தட்டுகளை மருந்தில் கழுவிப் படம் போட்டுக் கொடுத்தவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு வானத்தைப் படம் பிடிக்கும் பைத்தியம் பிடித்தது. சாதாரண லென்ஸ் என்றால் இரண்டு மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். நம் ஊர் வானம் அதற்கு விடுமா? அரைமணிக்கு ஒருதரம் மேகம் வந்து மூடிவிடும். அதனால் இழுத்து மூடிய ஒரு சினிமாக் கொட்டகையின் ஏலத்தில், படம் காட்டும் மெஷினின் லென்ஸை வாங்கினேன். எஃப் இரண்டு! வாய் அகலமான லென்ஸ், வெளிச்சத்தை மடமடவென்று குடிக்கும். இருபது நிமிஷத்தில் பால்வீதியே தட்டில் விழுந்துவிடும். ஆனால் காகிதக் கனம் தள்ளி வைத்தாலும் நட்சத்திரமெல்லாம் பஞ்சாகிப்போகும். சரியாக வைத்தாலும் ஓரத்து நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைத்திருக்கும். அந்தக் காகிதக் கனத்தோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன்.

வானம் நகர்ந்துகொண்டே இருக்குமே, கேமராவும் கூடவே நகர வேண்டாமா? ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த என் அக்கா புருஷன் ஓர் இரும்பு அச்சு செய்து கொடுத்தார். நிமிஷத்துக்கு ஒரு சுற்றாகக் கைப்பிடியைத் திருப்பினால் கேமரா வானத்தோடு போகும். அச்சு வட துருவத்தைப் பார்க்க வேண்டும்; அதற்காக அதைச் சாய்த்து வைக்க அடியில் ஒரு மர ஆப்பு. எவ்வளவு சாய்ப்பது? என்னிடம் இருந்த இங்கிலீஷ் புத்தகத்தில் ஐம்பத்தொரு டிகிரி என்று படமே போட்டிருந்தது. அப்படியே வெட்டினேன். ஒரு மாதம் எடுத்த தட்டெல்லாம் நட்சத்திரப் புள்ளிக்குப் பதில் கோடு, கோடு, கோடு!

மச்சான்தான் கேட்டார்: "மாப்ள, இந்தப் புத்தகத்த எழுதுன வெள்ளக்காரன் எந்த ஊருல குந்திக்கிட்டு எழுதுனான்?"

"லண்டன்ல, மச்சான்."

"அப்ப இந்த ஆப்பு லண்டனுக்குத்தான்லா. அவன் ஊரு எங்க, நம்ம ஊரு எங்க!"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பள்ளிக்கூட மேப்பை விரித்துப் பார்த்தால் நம் ஊர் மூன்றாவது டிகிரியில் இருக்கிறது. அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்க வேண்டும். விரல் கனத்தில் புது ஆப்பு வெட்டினேன். சூளைப் புகையும் ஸ்டேஷன் விளக்கும் இல்லாத இடம் தேடி, ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய், மரம் வெட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் படம் எடுத்தேன். ஐஸ் தண்ணீரில் தட்டைக் கழுவியபோது விருச்சிகம் கொடுக்கோடு எழுந்து வந்தது. ஆம்பிளை, அழுதுவிட்டேன்.

அந்தப் படத்தைத்தான் என் முதலாளி கொண்டுபோய் வெள்ளைக்காரர் கிளப்பின் கண்காட்சியில், தான் எடுத்ததாக வைத்தான். வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். நேரே அவன் முன்னால் போய் நின்றேன்.

"மொதலாளி, ஒரு மூலையிலயாவது என் பேரப் போடுங்க."

"தட்டு என்னோடது, மருந்து என்னோடது. வானம் மட்டும் உங்கப்பன் வீட்டுதாடா?"

கோப்பையில் எனக்கு ஆசை இல்லை. என் பேர் வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கே மனசுக்குள் கறுவிக்கொண்டேன்: இருடா, உனக்கு வைக்கிறேன்.

வாய்ப்பு அவனாகவே கொண்டுவந்து கொடுத்தான். கிளப்பைச் சேர்ந்த ஒரு தோட்டத்துத் துரை தன் பங்களாவில் விருந்தாளிகள் முன்னால் அதேபோல் இன்னொரு படம் எடுத்துக் காட்டச் சொன்னாராம். "சாமானத் தூக்கிக்கிட்டு வா. எல்லாத்தையும் பொருத்தி வையி, நான் திருப்பிக்கிறேன்" என்றான். பொருத்தி வைத்தேனே! லண்டன் ஆப்பைப் பரணிலிருந்து தேடி எடுத்து வைத்தேன். அவன் என் இங்கிலீஷ் புத்தகத்துப் படத்தையும் அச்சையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்குடா" என்று தலையாட்டினான். ஆப்பு வைப்பது என்று வாய்வார்த்தைக்குச் சொல்வார்கள். நான் மரத்திலேயே வைத்தேன்.

துரைசானிகள் சூழ நிற்க, கோட்டு போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து இருபது நிமிஷம் திருப்பினான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பங்களா குளியலறையில் தட்டைக் கழுவினேன். கோடு! மழை பெய்த மாதிரி கோடு. ஈரத் தட்டை நானே கொண்டுபோய் விளக்கடியில் எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்தேன். துரை புருவத்தைத் தூக்கினார். பட்டான், நன்றாகப் பட்டான் என்று என் நெஞ்சு குதித்தது.

அவன் முகத்தில் ஈ ஆடவில்லை. ஒரு நொடிதான். பிறகு சிரித்துக்கொண்டே என் தோளில் கைபோட்டு, இங்கிலீஷில் சொன்னான்: "இன்றைக்கு என் ஆளை எடுக்கவிட்டேன், துரை. நான் கைப்பிடியை மட்டும்தான் திருப்பினேன். பொருத்தியதெல்லாம் இவன். பாவம், இப்போதுதான் கற்றுக்கொள்கிறான்."

எல்லாரும் சிரித்தார்கள். துரைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. குருவின் படம், சீடனின் படம் என்று இரண்டையும் கிளப்பில் சேர்த்து மாட்டலாம் என்றார். என் பேர் என்ன என்று கேட்டார். நான் கையிலிருந்த ஈரத் தட்டைப் பார்த்தேன். வேண்டுமென்றே செய்தேன் என்று சொன்னால் வேலை போகும், ஜெயிலுக்கே அனுப்பினாலும் அனுப்புவார்கள். பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாதவன், என் பேரை எழுத்து எழுத்தாகச் சொன்னான். துரை தன் பேனாவாலேயே எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் இரண்டு படமும் கிளப் சுவருக்குப் போயின. விருச்சிகத்துக்குக் கீழே அவன் பேர். கோடுகளுக்குக் கீழே என் பேர், ஓர் எழுத்துகூடப் பிழையில்லாமல். ஆணி அடித்து மாட்டிவிட்டு வர என்னைத்தான் அனுப்பினான்.