நடுவில் வைத்த ஊறுகாய்

இன்சீன் ஊருக்குப் போகும் ரயிலில் எதிரே இருந்தவர் திருநீறு பூசி, நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சோற்றின் நட்டநடுவில் ஊறுகாய்த் துண்டு ஒன்றை வைத்தார். வைத்ததும், டப்பா நகர்ந்துவிடும் என்பதுபோல் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டார்.

"ஜப்பான்ல சாப்பாட்டுக் கம்பெனில இருந்தேம்மா. ஓடுற பெல்ட்டுல டப்பா வந்துகிட்டே இருக்கும். ஒவ்வொண்ணுலயும் சோத்து நடுவுல ஒரு ஊறுகா வைக்கணும். ஆறு வருசம் அதான் வேல."

"ருசி எப்படிண்ணே?"

"தின்னதில்ல. ஊறுகாயப் பாத்தா கைதாம்மா நீளுது, வாய் தொறக்க மாட்டேங்குது."

சுற்றியிருந்த சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு டப்பாவை மூடினார்.

அடுத்த மாதம் என் மகளும் ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறாள். அவளுக்காகப் போட்ட ஊறுகாயை அன்று காலைதான் வெயிலில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.